தண்டவாளமும் எல்லைக்கோடும்: செம்பேன் உஸ்மானை வேறு மாதிரி வாசிக்க

செம்பேன் உஸ்மானின் 'கடவுளின் மரத்துண்டுகள்' நாவலை நம்மில் பலரும் வேலைநிறுத்த நாவல் என்றே படித்திருக்கிறோம். முதலாளி, தொழிலாளி, கருங்காலி, துப்பாக்கிச் சூடு, பெண்களின் எழுச்சி, கடைசியில் வெற்றி. கார்க்கியின் 'தாய்'க்குப் பக்கத்தில் ஒரு ஆப்பிரிக்கப் புத்தகத்தை வைத்தாயிற்று, அலமாரி நிறைந்தது. இந்த வாசிப்பு பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நாவலை அதன் மண்ணிலிருந்து பிடுங்கிவிடுகிற வாசிப்பு இது. எந்த ஊரில் நடந்தாலும் பொருந்துகிற ஒரு வர்க்கக் கதையாடல் மட்டும் கையில் மிஞ்சுகிறது. எந்த ரயில், எங்கிருந்து எங்கே போகிற ரயில் என்று நாம் கேட்பதே இல்லை. அற்பமான கேள்விதான். அந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டு போனால் நாவல் வேறொன்றாகத் தெரிகிறது என்பது என் அனுபவம்.

தக்கார் துறைமுகத்தில் தொடங்கி, தியெஸ் வழியாகக் கிழக்கே ஓடி, கய் நகரைத் தொட்டு, பமாக்கோவுக்கும் அங்கிருந்து நைஜர் நதிக்கரையில் உள்ள கூலிக்கோரோவுக்கும் போகிற பாதை. பெயரே தக்கார்-நைஜர் ரயில்வே. நீளம் 1,200 கிலோமீட்டருக்கு மேல். உள்நாட்டில் கய் முதல் நைஜர் வரையிலான துண்டு 1904இல் முடிந்துவிட்டது. தியெஸுக்கும் கய்க்கும் இடையிலான இணைப்பு முடிய 1920களின் நடுப்பகுதி வரை ஆனது. படையை உள்ளே அனுப்பவும் வேர்க்கடலையை வெளியே எடுக்கவும் பிரெஞ்சுக்காரன் போட்ட பாதை. ஊர்களை இணைக்கும் உத்தேசம் அவனுக்கு இல்லை. ஆனால் பாதை என்று ஒன்று விழுந்துவிட்டால் அது போட்டவன் சொன்னபடி மட்டும் கேட்காதே. சூடானிலிருந்து (இன்றைய மாலிக்கு அன்று பிரெஞ்சு சூடான் என்று பெயர்) பருவந்தோறும் செனகலின் கடலைக் காடுகளுக்குக் கூலிகள் இறங்கினார்கள். நவெத்தான் என்று அவர்களுக்குப் பெயர். பம்பாரா பேசுகிறவனும் வொலோஃப் பேசுகிறவனும் தியெஸ் பணிமனையில் ஒரே இரும்பை அடித்தார்கள்.

நாவலின் பொருளடக்கப் பக்கத்தைப் பாருங்கள். பமாக்கோ, தியெஸ், தக்கார், மறுபடி தியெஸ், மறுபடி பமாக்கோ என்று அத்தியாயங்களுக்கு ஊர்ப்பெயர்கள், கூடவே ஒரு ஆளின் பெயர். ரயில்வே கால அட்டவணை மாதிரியே இருக்கும். ஆனால் கதை நடக்கும் காலத்தில் ரயில் ஓடவில்லை, வேலைநிறுத்தம். ஓடாத ரயிலின் பாதையில் கதை மட்டும் ஓடுகிறது. நாவலின் வடிவம் பற்றி நான் படித்த விமர்சனங்கள் 'கூட்டு நாயகன்' என்பதோடு நின்றுவிடுகின்றன. கூட்டு என்றால் யாருடைய கூட்டு? இரண்டு காலனிகளின் கூட்டு. பிறகு இரண்டு நாடுகளாக ஆகப்போகிற நிலத்தின் கூட்டு. பாக்கயோக்கோ என்கிற தலைவன் பமாக்கோக்காரன், போராட்டத்தின் மையமோ தியெஸ். நாவலில் பாதிக்கு மேல் அவன் கண்ணிலேயே படுவதில்லை. பேச்சில், ஞாபகத்தில், கடிதத்தில்தான் இருக்கிறான். நிர்வாகத்தோடு பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது, உங்களுக்கு எங்கள் மொழி ஒன்றுகூடத் தெரியாததால் மரியாதைக்காகப் பிரெஞ்சில் பேசுகிறோம் என்ற தொனியில் சொல்கிறான். எங்கள் மொழி என்று அவன் சொல்வது பன்மையில் என்பதைக் கவனிக்க வேண்டும்.

வரலாற்றுக்கு வருவோம். வேலைநிறுத்தம் 1947 அக்டோபர் 10 அன்று தொடங்கி 1948 மார்ச் 19 வரை நடந்தது. பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்காவின் நான்கு ரயில் பாதைகளிலுமாக ஏறத்தாழ 20,000 ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள். வெள்ளைக்காரனுக்கும் கறுப்பனுக்கும் ஒரே பணிநிலைப் பட்டியல் வேண்டும் என்பது மையமான கோரிக்கை. கூலி உயர்வு கேட்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. 'நீங்களும் பிரெஞ்சு யூனியனைச் சேர்ந்தவர்கள்தான்' என்று போருக்குப் பிறகு பிரான்சு சொல்லிக்கொண்டிருந்ததை அப்படியே திருப்பி அதன் வாயிலேயே திணிக்கிற கோரிக்கை. குடும்பப் படி கேட்டபோது, பல மனைவிகள் உள்ளவர்களுக்கு எப்படித் தருவது என்று நாவலில் நிர்வாகி தெஜான் கேட்கிறான். பொருளாதாரக் கோரிக்கை ஒன்று ஒரே நொடியில் இனவெறிச் சொல்லாடலாக மாறுகிற இடம் அது. செம்பேன் அதை நன்றாகவே எழுதியிருக்கிறார்.

ஆனால் எழுதாமல் விட்டதும் உண்டு. பிரதியின் மௌனம் என்கிறோமே, அது இங்கே கனமானது. ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் பாதைத் தொழிலாளர்கள் 1948 ஜனவரி தொடக்கத்திலேயே வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். மற்றவர்கள் இன்னும் இரண்டரை மாதம் பட்டினி கிடந்தார்கள். அபிஜானில் அன்று செல்வாக்காக இருந்தவர் ஹுஃபுவே புவானி. அவருடைய அடித்தளம் காப்பி, கோகோ பயிரிட்ட ஆப்பிரிக்கத் தோட்ட முதலாளிகள். அறுவடைக் காலத்தில் சரக்கு துறைமுகத்துக்குப் போகாவிட்டால் நஷ்டம் அவர்களுக்கும்தான். ஆக, கறுப்புத் தொழிலாளியின் போராட்டம் கறுப்பு முதலாளியின் கோகோ மூட்டை மேல் இடறியது. நாவலில் இந்தக் கதை இல்லை. அது தக்கார்-நைஜர் பாதையை விட்டு இறங்குவதே இல்லை. மேற்கு ஆப்பிரிக்க அண்டை நாடுகள் ஒன்றையொன்று பின்னாளில் எப்படி நடத்தப்போகின்றன என்பதற்கான விதையோ அந்த ஜனவரியில் இருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். 1956இல் பிரான்சு கொண்டுவந்த சட்டகச் சட்டம் அதிகாரத்தைக் கூட்டமைப்பிடம் தராமல் ஒவ்வொரு காலனிக்கும் தனித்தனியாகப் பிரித்துக்கொடுத்தது. துண்டாடுகிறார்கள் என்று செங்கோர் கத்தினார். ஹுஃபுவே புவானி அதை வரவேற்றார். பணக்காரக் காலனியான ஐவரி கோஸ்ட் மற்றவர்களுக்காக ஏன் செலவு செய்யவேண்டும் என்பது அவர் வாதம். துண்டாடலால் தொழிற்சங்கத்துக்கு வந்த கேட்டைப் பற்றி நம்மூரில் யாரும் எழுதிப் பார்த்ததில்லை. 'பாரிஸில் இருப்பவனுக்குச் சமமாகக் கொடு' என்று கேட்க முடிந்த தொழிலாளி, இனிமேல் சொந்த ஊர் மந்திரியிடம், சொந்த ஊர் கஜானாவிடம் கேட்க வேண்டும். மந்திரி 'நாடு ஏழை, பொறுத்துக்கொள்' என்பார். தேசம் என்கிற கற்பிதம் முதலில் தின்றது இந்தச் சமத்துவக் கோரிக்கையைத்தான்.

இருந்தும் ஒட்டவைக்க ஒரு முயற்சி நடந்தது. 1959இல் செனகலும் சூடானும் சேர்ந்து மாலிக் கூட்டமைப்பை அமைத்தன. அப்பர் வோல்ட்டாவும் (இன்றைய புர்கினா ஃபாஸோ) தஹோமேயும் (இன்றைய பெனின்) முதலில் சேருவதாகச் சொல்லிப் பிறகு கழன்றுகொண்டன. பிரான்சும் ஹுஃபுவே புவானியும் கொடுத்த நெருக்கடி. மிச்சமிருந்த இரண்டை இணைத்தது எது? தக்கார்-நைஜர் ரயில். கூட்டமைப்பின் முதுகெலும்பு என்று அதைத்தான் சொல்லவேண்டும். 1960 ஜூன் 20 அன்று சுதந்திரம். ஆகஸ்ட் 20 அன்று உடைந்துபோனது. சரியாக இரண்டு மாதம். கூட்டமைப்பு அரசின் தலைவர் மோதிபோ கெய்ட்டா, பாதுகாப்புப் பொறுப்பிலிருந்த செனகல்காரர் மமது தியாவை நீக்கினார். செனகல்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகத் தனிநாடு அறிவித்தார்கள். கெய்ட்டாவையும் அவருடைய ஆட்களையும் மூடி முத்திரையிட்ட ரயிலில் ஏற்றிப் பமாக்கோவுக்கு அனுப்பிவைத்தார்கள். அதே ரயில்!

'கடவுளின் மரத்துண்டுகள்' பாரிஸில் வெளிவந்த ஆண்டும் 1960. பமாக்கோக்காரனும் தியெஸ்காரனும் ஒரே பாதையில் ஒரே பட்டினி கிடந்ததைச் சொன்ன நாவல் அச்சான ஆண்டிலேயே அந்தப் பாதையில் மாலி எல்லையை மூடியது. கிதிராவுக்கு அப்பால் வண்டி இல்லை. 1963 வரை இந்த நிலைமை. தன் சரக்கை மாலி அபிஜான் துறைமுகத்தின் பக்கம் திருப்பியது, அதுவும் லாரியில். பிரெஞ்சு நிர்வாகம் ஐந்து மாதம் முயன்றும் உடைக்க முடியாததை இரண்டு சுதந்திர அரசுகள் ஒரே வாரத்தில் உடைத்துவிட்டன. நாவல் காட்டுகிற சமூகத்தின் இரங்கற்பாவாகவே இனி அதைப் படிக்க முடியும் என்று நினைக்கிறேன். எழுதும்போது செம்பேனுக்குத் தெரியாது, சரி. வாசிக்கும்போது நமக்குத் தெரியுமே.

இன்னொரு கதை, இதைவிடக் கசப்பானது. பாக்கயோக்கோவின் மூலவடிவம் என்று சொல்லப்படும் நிஜத் தலைவர் இப்ராஹிமா சார். சுதந்திர செனகலில் மமது தியாவின் அமைச்சரவையில் மந்திரி ஆனார். 1962 டிசம்பரில் தியாவுக்கும் செங்கோருக்கும் மோதல் வந்தபோது தியாவோடு சேர்ந்து அவரும் கைதானார். 20 ஆண்டுத் தண்டனை. வெளியே வந்தது 1974இல். காலனிய அரசு அவருக்குச் செய்யாததை ஒரு கவிஞர் ஜனாதிபதியாக இருந்த நாடு செய்தது. நீக்ரிட்யூட் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இந்த ஒரு வரியையும் சேர்த்து எழுதினால் நல்லது.

பணத்தைப் பற்றிப் பேசாமல் அண்டை நாட்டு உறவைப் பேச முடியாது. சி.எஃப்.ஏ. பிராங்க் 1945 டிசம்பர் 26 அன்று பிறந்த காலனிய நாணயம். மாலி 1962 ஜூலையில் அதைவிட்டு வெளியேறிச் சொந்தப் பணம் அடித்தது. பமாக்கோ வணிகர்கள் அந்த மாதமே தெருவுக்கு வந்து கலகம் செய்தார்கள். காரணம் லேசில் புரியக்கூடியதுதான். எல்லை தாண்டி ஆடும் மாடும் மீனும் கோலாக் கொட்டையும் விற்கிறவனுக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் செல்லாத காசு எதற்கு? 1984இல் மாலி திரும்பவும் சி.எஃப்.ஏ.வுக்குள் வந்தது. 1994 ஜனவரியில் அந்த நாணயத்தின் மதிப்பைப் பாதியாக வெட்டினார்கள். ஒரே ராத்திரியில் அரிசியும் மருந்தும் விலையேறின. அதே மாதம்தான் தக்காரில் மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதார, நாணய ஒன்றியத்துக்குக் கையெழுத்துப் போட்டார்கள். விடுதலை, ஒற்றுமை, ஒருங்கிணைப்பு என்கிற வார்த்தைகள் எல்லாம் அந்தக் காசின் ஒரு பக்கத்தில் அச்சடித்திருக்கிறது என்று வச்சுக்குவோம். மறுபக்கத்தில் யார் தலை இருக்கிறது என்று திருப்பிப் பார்க்க வேண்டாமா?

அப்துர்ரஹ்மான் சிசாக்கோவின் 'பமாக்கோ' (2006) படத்தை இந்த நாவலின் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சிசாக்கோ மௌரிட்டானியாவில் பிறந்து மாலியில் வளர்ந்தவர். அவரையும் எந்த நாட்டுக் கலைஞர் என்று முத்திரை குத்துவது சிரமம். பமாக்கோவில் ஒரு வீட்டு முற்றத்தில் உலக வங்கிக்கும் சர்வதேச நிதியத்துக்கும் எதிராக வழக்கு நடக்கிறது. பக்கத்திலேயே பெண்கள் துணிக்குச் சாயம் போடுகிறார்கள். கல்யாண ஊர்வலம் குறுக்கே போகிறது. நாவலிலும் பமாக்கோவில் ஒரு விசாரணை வரும். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகனான தியாரா வேலைநிறுத்தத்தை மீறியவன். அவனைச் சொந்த மருமகன் தியமோகோவே சங்கக் கட்டடத்துக்கு இழுத்துவந்து நிறுத்துகிறான். இப்படி ஒரு விசாரணை நடத்தும் யோசனை தியமோகோவுக்குப் பாக்கயோக்கோவின் அலமாரியிலிருந்து எடுத்த ஒரு பிரெஞ்சு நாவலிலிருந்து கிடைக்கிறது, மால்ரோவினுடையது. தண்டனை என்று எதுவும் இல்லை. ஃபா கெய்ட்டா என்கிற முதியவர், இவன் பட்ட அவமானமே போதும் என்கிற மாதிரி பேசிக் கலைத்துவிடுகிறார். படத்தில் குற்றவாளிக் கூண்டில் ஆளே இல்லை, நிறுவனம்தான். 1947இல் துரோகிக்கு முகம் இருந்தது, அவன் மாமன். 2006இல் துரோகிக்கு முகவரி வாஷிங்டனில்.

இந்த இரண்டு விசாரணைகளையும் இணைப்பது மறுபடியும் ரயில்தான். 2003இல் தக்கார்-பமாக்கோ பாதையைத் தனியார் கூட்டு நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்தார்கள். சின்னச் சின்ன ஸ்டேஷன்கள் மூடப்பட்டன. வண்டி நிற்கும் ஐந்து நிமிஷத்தில் மாம்பழமும் வறுத்த கடலையும் தண்ணீரும் விற்றுப் பிழைத்த பெண்களின் ஊர்கள் அவை. இதை எதிர்த்துப் பாதையை மக்களிடம் திருப்பித் தரக் கேட்டு மாலியில் ஒரு இயக்கம் நடத்தியவர் தியக்கூரா திராவோரே, ரயில்வே பொறியாளர். சிசாக்கோ தன் படத்தில் ஷக்கா என்ற முக்கியப் பாத்திரத்தில் அவரையே நடிக்க வைத்தார். விசாரணையில் செக்கே பம்பா என்ற முதியவர் எழுந்து பாடுவார். அதற்கு சப்-டைட்டில் கிடையாது. புரியாத அந்தப் பாட்டுக்கு முன் வக்கீல்களோடு நாமும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். செம்பேனின் குருட்டுப் பாடகி மைமூனாவின் பாட்டு பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் நமக்கு முழுசாகப் புரிந்துவிடுகிறது. சிசாக்கோ அந்த வசதியை மறுக்கிறார்.

இன்றைய நிலவரத்தைத் தொடாமல் தப்பிக்க முடியாது. நண்பர்கள் சிலர் சாஹேல் ராணுவ ஆட்சிகளைப் பாக்கயோக்கோவின் வாரிசுகள் என்று கொண்டாடுகிறார்கள். பிரெஞ்சுப் படையை விரட்டினார்கள், உண்மை. 1975இல் லாகோஸ் ஒப்பந்தத்தால் பிறந்த மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதாரச் சமூகமான எக்கோவாஸ், 2022 ஜனவரியில் மாலியின் எல்லைகளை அடைத்து, தக்காரில் தலைமையகம் உள்ள பொது மைய வங்கியில் இருந்த அதன் பணத்தை முடக்கியது. 2023 ஜூலையில் நைஜரிலும் அதையே செய்தது. நைஜீரியா மின்சாரத்தையும் வெட்டியது. யார் வயிற்றில் அடித்தார்கள்? ஜெனரல் வயிற்றில் இல்லை. இந்தத் தடைகளை நியாயப்படுத்த என்னால் முடியாது. 1979இல் தடையற்ற நடமாட்டத்துக்கு ஒப்பந்தம் போட்ட அமைப்பு, எல்லைக் கதவைச் சாத்துவதையே தண்டனையாகக் கண்டுபிடித்தது வெட்கக்கேடு.

ஆனால் அந்தப் பக்கம் என்ன? மாலி, புர்கினா ஃபாஸோ, நைஜர் மூன்றும் சாஹேல் நாடுகளின் கூட்டணி அமைத்து 2025 ஜனவரி 29 அன்று எக்கோவாஸை விட்டு அதிகாரபூர்வமாக வெளியேறின. அன்று சி.எஃப்.ஏ. நாணய ஒன்றியத்தை விட்டு வெளியேறவில்லை. ஆப்பிரிக்கர்கள் உருவாக்கிய அமைப்பை உதறிவிட்டு, பிரெஞ்சுக்காரன் உருவாக்கிய காசைப் பையில் வைத்துக்கொண்டார்கள். 2025 மே மாதம் மாலி அரசு எல்லா அரசியல் கட்சிகளையும் கலைத்தது. கூடிப் பேசும் உரிமை இல்லாத இடத்தில் பாக்கயோக்கோ என்ன செய்வான்? அவன் பிரெஞ்சு எதிர்ப்பாளன் மட்டும் இல்லை. சங்கக் கூட்டத்தில் கேள்வி கேட்கிறவர்களை உருவாக்கியவன். காலனிய எதிர்ப்பு என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு அவனைக் கர்னல்களிடம் ஒப்படைக்க எனக்குச் சம்மதமில்லை. ஹுஃபுவே புவானியின் வாரிசுகளிடமும்தான்.

கடைசியாகப் பெண்கள். நாவலின் உச்சம் தியெஸிலிருந்து தக்காருக்குப் பெண்கள் நடக்கும் நடை, ஏறத்தாழ 70 கிலோமீட்டர். முன்னால் நடக்கும் பெந்தா தக்கார் வாசலில் சுடப்பட்டுச் சாகிறாள். இந்த வேலைநிறுத்தத்தை விரிவாக ஆராய்ந்த ஃபிரெடரிக் கூப்பர், இப்படியொரு நடைக்கு வரலாற்றில் சான்று கிடைக்கவில்லை என்கிறார். ஆகவே செம்பேன் பொய் சொன்னார் என்று ஆகிவிடாது. ரயில் நின்ற இடத்தில் கால்களை ஓடவிட்டது புனைவின் உரிமை. எனக்குள்ள மனத்தாங்கல் வேறு. இந்த நடை செனகலுக்குள்ளேயே தொடங்கிச் செனகலுக்குள்ளேயே முடிகிறது. பமாக்கோப் பெண்கள் நடப்பதில்லை. பாக்கயோக்கோவின் மனைவி அசித்தான், அண்ணன் செத்தபின் தம்பிக்குக் கட்டிவைக்கப்பட்டவள், வீட்டோடு இருக்கிறாள். கிழவி நியக்கோரோ வீட்டிலேயே போலீஸ்காரர்களிடம் அடிபட்டுச் சாகிறாள். தக்காரில் ரமத்துலாய் ஆட்டுக்கிடாயைக் கொன்று பசித்த பிள்ளைகளுக்குப் போடுகிறாள், போலீசை எதிர்த்து நிற்கிறாள். அப்படியொரு காரியம் செய்ய பமாக்கோப் பெண் யாருக்கும் நாவல் இடம் தரவில்லை. 1960இல் விழப்போகிற எல்லைக்கோடு நாவலுக்குள் பெண்கள் விஷயத்தில் முன்கூட்டியே விழுந்துவிட்டதோ என்று தோன்றுகிறது.

இதற்கு ஒரு விதிவிலக்கு அஜிபிஜி, அந்த வீட்டுச் சிறுமி. பத்து வயதுகூட நிரம்பாதவள், பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவள், ஆண்கள் கூட்டத்தில் தியாராவின் விசாரணைக்குப் போய் உட்கார்ந்திருப்பவள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மோதிபோ கெய்ட்டாவை ஏற்றிய முத்திரையிட்ட வண்டி பமாக்கோ ஸ்டேஷனுக்கு வந்தபோது அவள் இருபதைத் தாண்டியிருப்பாள். 2003இல் ஸ்டேஷன்கள் மூடப்பட்டபோது அறுபதைத் தாண்டியிருப்பாள். 2023 ஜூனில் பமாக்கோவுக்கும் கய்க்கும் இடையே பயணிகள் வண்டி மீண்டும் ஓடத் தொடங்கியது, எல்லையைத் தாண்டாமல். 2025 செப்டம்பரிலிருந்து தக்காரிலிருந்தும் அபிஜானிலிருந்தும் வரும் எண்ணெய் லாரிகளை ஆயுதக் குழுக்கள் சாலையில் மறித்துக் கொளுத்தின. பமாக்கோவில் பெட்ரோலுக்கு வரிசை நின்றது, பள்ளிக்கூடங்களைக்கூட மூடினார்கள். ரயில் இருந்த இடத்தில் லாரி, லாரி இருந்த இடத்தில் நெருப்பு. அஜிபிஜி இந்த அறுபது வருஷத்தில் என்ன ஆனாள் என்று செம்பேன் எழுதவில்லை. 2007இல் அவர் இறந்துபோனார்.